திரை வந்துவிட்டது, பிள்ளையின் பதிவேடு யார் கையில்?

அரசுப் பள்ளிகளுக்குத் திரை வந்துவிட்டது. 2018 முதல் பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகம் அமைத்தார்கள். 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. இப்போது தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர் கையில் டேப்லெட். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

இவை அனைத்தையும் நாங்கள் வரவேற்கிறோம். 2011-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, "இதுகளுக்கு எதுக்கு லேப்டாப், சினிமா பாக்கவா?" என்று சிரித்தவர்களை நாம் மறக்கவில்லை. "சேரிப் பிள்ளைக்கு எதற்கு எழுத்து?" என்று கேட்ட அதே வாய்தான் அது. அந்த மடிக்கணினியில் தட்டச்சு பழகி, பொறியியல் முடித்து, இன்று சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழில்நுட்பம் நமக்குப் பகை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க நாங்கள் தயாராக இல்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இந்தக் கருவிகள் பாடம் மட்டும் நடத்துவதில்லை. பிள்ளையை அளக்கின்றன. யாருக்கு எழுத்து தெரியும், யார் எத்தனை நாள் வந்தார், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண், என்ன சாதி, எந்த ஊர், அப்பா அம்மாவுக்கு என்ன வேலை என்று எல்லாமே எமிஸ் என்ற ஒரே தளத்தில் ஏறுகிறது. அப்படி ஏறியது யார் கண்ணுக்குத் தெரிகிறது? அதைப் பார்த்துவிட்டு யார் என்ன செய்கிறார்கள்? பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதில் என்ன அதிகாரம்?

இந்தக் கேள்வியைச் செங்கல்பட்டுக்காரர்கள் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு.

பதிவேட்டால் வாழ்ந்த மாவட்டம், பதிவேட்டால் இழந்த மாவட்டம்

1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், நிலமும் கல்வியும் எப்படி மறுக்கப்பட்டன என்பதையும் எழுதினார். 1892 செப்டம்பர் 30-இல் வெளிவந்த வருவாய்த்துறை அரசாணை 1010 அதிலிருந்து பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அந்த ஆணையின் வழி வந்ததுதான். அடுத்த ஆண்டே, 1893-இல், பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை வந்தது. நிலமும் பள்ளிக்கூடமும் ஒரே அறிக்கையை ஒட்டி, அடுத்தடுத்து வந்தன.

நிலத்தை முதல் 10 ஆண்டுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை இருந்தது. பதிவேட்டில் தெளிவாக எழுதி வைத்த நிபந்தனை. இருந்தும் நிலம் போனது. ஏனென்றால் பதிவேடு கணக்கர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பெயர் யாருடையதோ அவருக்கு அதைப் படிக்கவும் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பஞ்சமிக் குறிப்புகள் பல இடங்களில் காணாமல் போயின என்று நில உரிமை இயக்கங்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. பிறகு கணினி வந்தது. தாளில் இருந்த பிழை அப்படியே திரைக்கு ஏறியது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது புதிதாக ஒன்றுமில்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததை நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள்.

தேர்வைப் பற்றியும் நம் முன்னோர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐசிஎஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று அப்போது காங்கிரசார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கும்போது நல்ல கோரிக்கைதான். ஆனால் பறையர் மகாஜன சபை 3,412 பேரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அதை எதிர்த்து மனு அனுப்பியது. எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு தேர்வு நடந்தால் அதிகாரம் முழுவதும் ஏற்கெனவே படித்த சாதிகளின் கைக்குத்தான் போகும் என்பது அவர்கள் வாதம். அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் தேர்வு என்பது எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற பேச்சை 130 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் மனிதர் நம்பவில்லை.

கொரோனா காட்டிய கணக்கு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் திரும்பவும் வகுப்பில் உட்கார 2021 நவம்பர் 1 வரை ஆனது. இடையில் எல்லாம் இணைய வகுப்பு என்றார்கள். பொருளியலாளர் ஜான் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021 செப்டம்பரில் வெளியானது. தமிழ்நாடும் அதில் இருந்தது. கிராமப்புறப் பிள்ளைகளில் முறையாக இணையத்தில் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. அதில் தலித், பழங்குடிப் பிள்ளைகளைத் தனியாக எடுத்தால் 4 சதவீதம். மற்றவர்களில் 15 சதவீதம். திரை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ஒன்றல்ல.

மதிப்பெண்ணில் நடந்ததையும் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். மதிப்பெண்ணை மட்டும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதமும், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துப் போட்டார்கள். வருகை எப்படி மதிப்பெண் ஆகும்? திருப்போரூர், செய்யூர் பக்கத்து இருளர் குடும்பங்களைக் கேளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பம் மொத்தமாகச் செங்கல் சூளைக்குப் போகும். பிள்ளையைத் தனியாக விட்டுப்போக ஆள் ஏது? பள்ளிக்கு வராத அந்த மாதங்கள் அவன் குற்றமல்ல. ஆனால் சான்றிதழில் அவன் பெயருக்கு நேரேதான் அது எண்ணாக நிற்கும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும்.

இதே ஆகஸ்டில் இங்கிலாந்திலும் ஒரு கூத்து நடந்தது. தேர்வு இல்லாததால் ஆசிரியர் மதிப்பிட்டுக் கொடுத்த தரத்தைக் கணினிச் சூத்திரம் ஒன்றில் போட்டுச் 'சரிசெய்தார்கள்'. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சி வரலாறு அந்தச் சூத்திரத்தில் இருந்தது. ஏறத்தாழ 40 சதவீதத் தரங்கள் குறைக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றார்கள். அந்தச் சிறிய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். ஏழைப் பகுதிப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, தனக்கு முன்னால் அங்கே படித்தவர்களின் கணக்கால் கீழே தள்ளப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கியது.

பாட்டன் நிலையை வைத்துப் பேரனை எடை போடுவதற்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அந்த வேலையைக் கணினியும் செய்யும், கொடுக்கிற கணக்கு அப்படி இருந்தால்.

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. கொரோனா இடைவெளியில் எழுத்தை மறந்த பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படையை உறுதி செய்வது நோக்கம். வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துவார்கள். நிலையை அறிய மதிப்பீடு, அதைப் பதிவேற்றச் செயலி.

யோசனை நல்லது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'அ' தெரியாவிட்டால், மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டே போவதில் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்து, அவள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சேரிப் பிள்ளைக்கு வேண்டியதும் இதுதான்.

ஆனால் ஆசிரியர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஒரு பிள்ளை, ஒரு பாடம், ஒரு கேள்வி என்று திரையைத் தட்டித் தட்டிப் பதிவேற்றவே நேரம் போகிறது. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இது விளையாட்டல்ல. 2023-இல் டிட்டோஜாக் கூட்டமைப்பு நடத்திய போராட்டத்தில் எமிஸ் பதிவுப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கையாக இருந்தது. அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளுகிறவர்கள், கூவத்தூர்ப் பக்கம் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் கவலை இன்னொன்று. மதிப்பீட்டின் முடிவு மேலே போகிறது. வட்டாரம், மாவட்டம், சென்னை என்று ஏறிக்கொண்டே போகிறது. கீழே என்ன வருகிறது? 'அரும்பு' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு அடுத்த மாதம் கூடுதலாக ஓர் ஆசிரியர் வந்தாரா? மாலை வகுப்பு வந்ததா? அந்தப் பள்ளியின் காலியிடம் நிரம்பியதா? எதுவும் வராவிட்டால், அரும்பு என்பது பிள்ளைக்கு ஒட்டிய பட்டப்பெயர் மட்டும்தான். நம் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் புதிதல்லவே. மூன்றாண்டு தொடர்ந்து அரும்பிலேயே ஒரு பிள்ளை இருந்தால் அரும்பாக நின்றுவிட்டது அந்தப் பள்ளி, அந்தத் துறை. அப்படித்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

பூஞ்சேரி

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் பூஞ்சேரியை எல்லோருக்கும் தெரியும். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கேதான் நடந்தது. ஆட்டங்கள் இணையத்தில் உலகெங்கும் நேரலையாகப் போயின. பூஞ்சேரி மேசையில் நகர்ந்த சிப்பாயை எந்தக் கண்டத்திலும் உட்கார்ந்து பார்க்கலாம். அவ்வளவு துல்லியமான இணைய வசதியை அரசு நினைத்ததும் அங்கே கொண்டுவர முடிந்தது.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2021 நவம்பர் 4 அன்று, அதே பூஞ்சேரிக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவர் பெண் கேட்ட கேள்வி ஊரெல்லாம் பரவிய பிறகு நடந்தது அது. அந்தக் கேள்வியைப் பரப்பியது கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி. தொழில்நுட்பம் நம் கையில் இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் ஒரு சான்றிதழுக்காக அத்தனை ஆண்டு காத்திருந்த மக்கள் அவர்கள். சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் உதவித்தொகை இல்லை, உதவித்தொகைத் தளத்தில் பெயர் ஏறாது. எத்தனை திரை வைத்தாலும், முதல் தாள் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தளம் பூட்டிய கதவுதான்.

எமிஸ் எண்ணை இப்படிப் பயன்படுத்தலாமே: சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளை எந்த ஒன்றியத்துக்குப் போகிறது என்று குறித்து, அங்கே இருக்கும் பள்ளியில் அந்த எண்ணைக்கொண்டே உட்கார வைத்து, திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். எண் ஏற்கெனவே இருக்கிறது. அது பிள்ளையைத் தேடிப் போகிற எண்ணாக இருக்க வேண்டும். 'தொடர்ந்து வரவில்லை' என்று பெயரை ஓரம் கட்டுகிற எண்ணாக ஆகிவிடக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளைத் திரும்ப எழுத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு யாருடையது? 2021 அக்டோபர் 27 அன்று, நம் செய்யூர்க் கடற்கரைக்குத் தெற்கே மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்விதான் நினைவுக்கு வருகிறது. மாலையில் தெருவுக்கே வந்து, திண்ணையிலும் சாவடியிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையிலும் கைப்பேசி இருந்தது. ஆனால் பிள்ளையின் பெயரும் வீடும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கருவி வேலை செய்தது அந்த அறிமுகத்தின் மேல்தான்.

"கணக்கைத் திறந்தால் பிள்ளைக்கு அவமானம்" என்பவர்களுக்கு

பதிவேட்டை மக்களிடம் காட்டு என்று சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும். எந்தப் பிள்ளை பின்தங்கியது என்று ஊரறியச் சொல்வீர்களா, அதில் சாதி வேறு இருக்கிறதே என்பார்கள். நியாயமான அச்சம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்கிறது. நாங்கள் அதை முழுமையாக ஆதரிக்கிறோம். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்து நம் பிள்ளைகளைத் தலைகுனிய வைத்த வழக்கத்தை நாம் அறிவோம். தாளில் எடுத்துவிட்டு, அதே விவரத்தைத் தட்டினால் தெரிகிற இடத்தில் டேப்லெட்டில் வைத்தால் என்ன பயன்? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் பள்ளித் தரவில் முகவரியாக ஒளிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் இரண்டைப் பிரிக்கச் சொல்கிறோம். பிள்ளையின் மதிப்பெண் பிள்ளையுடையது. அது பெற்றோருக்கு மட்டும், அவர்களுக்குப் புரிகிற மொழியில், ஆசிரியர் வாயால் போய்ச் சேர வேண்டும். பள்ளியின் கணக்கு ஊருடையது; எத்தனை ஆசிரியர் இடம் காலி, எத்தனை நாள் இணையம் இல்லை, வாங்கிய கணினியில் எத்தனை ஓடுகிறது, முந்தைய மதிப்பீட்டுக்குப் பிறகு என்ன கூடுதல் உதவி வந்தது என்பது சேரி, ஊர் இரண்டும் உட்காரும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. குழுவின் தீர்மானங்களைப் பதிவு செய்யப் பெற்றோர் செயலியும் இருக்கிறது. நம் அம்மாக்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுகிறார்களா, கணக்கைக் காட்டக் கூப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

நாங்கள் கேட்பது

ஒன்று: கருவிகள் தேவையைப் பார்த்துப் போக வேண்டும். மாநிலத்தில் 1,100-க்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. இவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நம் இயக்கங்களுக்குள் அதில் இரண்டு கருத்து இருக்கிறது, விவாதம் தொடரட்டும். எந்தத் துறையின் கீழ் இருந்தாலும், எத்தனை நலப் பள்ளிகளில், எத்தனை பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறையும் ஓடுகிற இணையமும் இருக்கின்றன என்று மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

இரண்டு: மதிப்பீடு நடந்தால் 30 நாளுக்குள் உதவி வர வேண்டும். வராவிட்டால் அந்த மதிப்பீட்டை அந்தப் பள்ளியில் மறுபடி நடத்தும் உரிமை துறைக்கு இல்லை.

மூன்று: வருகைப் பதிவை மதிப்பெண்ணாக மாற்றுவது எந்த நெருக்கடியிலும் கூடாது. இடம்பெயரும் பிள்ளைக்கு எமிஸ் எண் வழியே அங்கேயே இடம் வேண்டும்.

நான்கு: பதிவேற்றும் வேலைக்குத் தனி ஆள் வேண்டும். ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஆசிரியர் பாடம் நடத்தட்டும்.

ஐந்து: பிள்ளையைப் பற்றித் தளத்தில் இருப்பது முழுவதையும் பெற்றோர் பார்க்கவும், தவறு இருந்தால் மனு கொடுத்துத் திருத்தவும் வழி வேண்டும். திருத்தியதற்கு ஒப்புகைச் சீட்டும் வேண்டும்.

அந்த ஐந்தாவதுதான் எங்களுக்கு முதலாவது. பட்டாவில் பெயர் தப்பாக ஏறிவிட்டது என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாக நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு நூறாண்டு காத்திருக்க முடியாது.

வருகிற கிராம சபைக்குப் போங்கள். பள்ளிக் கணக்கை வாசிக்கச் சொல்லித் தீர்மானம் கொடுங்கள். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.

ஜெய் பீம்.